மஞ்சள் பட்ட ஜக்கெற்

வெஸ்ட்மீட்,
சிட்னி.
17.07.1994

அன்பு மகள் பாமாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகன் பாலகிருஷ்ணனும் பிள்ளையாருடைய காவலில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். என் சுகத்தைக் கேட்டால், இந்த முறை மெய்யாகவே சுகம். போன இரண்டு கடிதத்திலும் சுகம் என்று எழுதினது, எழுத வேண்டும் என்பதற்காக எழுதினது. அது உனக்கும் விளங்கியிருக்கும். அதனால்தான் நீயும் சித்தப்பாவோடு சேர்ந்துகொண்டு, அம்மா தனிய இருக்க வேண்டாம், மெல்பேணுக்குப் போய் அவையளோடை இருங்கோ என்று ரெலிபோனில் அழுதாய். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசி மட்டும் வாசித்துவிட்டுத்தான் சித்தப்பாவுக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும், பாதியில் எடுக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, பிழை இருந்தால் பொறுத்து வாசி.

அப்பா போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. சித்தப்பா சிறிதரனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், மகன் இல்லாத வீட்டில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். முப்பத்தோராம் திகதி வான் கொண்டு வந்து என் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி, கராஜுக்குப் பின்னால் உள்ள அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறார். சித்தி வேலைக்குப் போகும் நேரம் சின்னதுகள் இரண்டையும் நான் பார்த்துக்கொள்ளலாம், சமைக்கலாம், பேசாமல் இருக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. எனக்கு அந்தப் பேசாமல் இருக்கலாம் என்பதுதான் பொறுக்கவில்லை. நான் பரமட்டாவில் எலெனியின் தையல் கடையில் வேலை செய்கிறேன்தானே என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணி, காற்சட்டைக்கு அடி மடிச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு நிப்பியள்" என்று கேட்டார். அவர் கேட்டது உண்மைதான். எட்டு மாதமாக அந்தக் கடையில் நான் அடி மடித்தேன், சிப் மாற்றினேன், பொத்தான் தைத்தேன், ஒரு முழு உடுப்பு என் கைக்கு வரவில்லை. அப்போது வாய்க்கு வந்தபடி ஒன்று சொன்னேன். எலெனி எனக்கு ஒரு முழு உடுப்பு தந்து, அது நல்லபடி முடிந்து, என்னைத் தையலுக்கென்றே வைத்துக்கொண்டால் நான் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் வான் வரட்டும், நானே பெட்டி கட்டித் தருவேன் என்றேன். அவரும் சரி என்றார். நடக்கப் போவதில்லை என்று நினைத்துத்தான் சரி என்றார்.

எலெனியை உனக்குத் தெரியாது. கிரேக்கத்து மனிசி, அறுபது வயது இருக்கும். புருஷன் செத்துப் பதினாலு வருஷம், இன்னும் தலையிலிருந்து கால் மட்டும் கறுப்புத்தான் உடுப்பாள். நான் வெள்ளைச் சேலையும் அவள் கறுப்புக் கவுனுமாகக் கடையில் நிற்பதைப் பார்த்து வருகிற சனம் என்ன நினைக்குமோ தெரியாது. இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டி, அதனால் ஒருத்தர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி இப்போது ஊசி பிடிக்க ஏலாது. பெரிய தையல் எல்லாம் செய்த இத்தாலிக்காரக் கிழவன் போன மாத நடுவில் வேலையை விட்டுவிட்டான். அவன் போய் ஒரு கிழமை ஆக முதல் டொறத்தி என்று ஒரு வெள்ளைக்கார மனிசி துணியோடு வந்தாள். முப்பது வருஷம் நேர்ஸாக இருந்து இந்த மாதம் ஓய்வு எடுக்கிறாளாம், கிளப் ஒன்றில் பிரியாவிடைச் சாப்பாடாம், அதற்குப் போட ஒரு ஜக்கெற் வேண்டுமாம். கையில் ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த படம். வேறு அளவும் இல்லை, வைத்து வெட்டுகிற கடதாசியும் இல்லை.

அந்தத் துணியை நீ பார்த்திருக்க வேண்டும், பாமா. பால் நிறக் கம்பளி, ஆனால் வழுவழுப்பில்லை. நூல் எல்லாம் சின்னச் சின்னச் சுருளாக மேலே எழும்பி நிற்கும், தடவினால் பிறந்து நாலு நாளான ஆட்டுக்குட்டியின் முதுகு போல. அதற்கு புக்ளே என்று பெயர் என்று எலெனி சொன்னாள். டொறத்தியின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பின துணி, இங்கே வாங்க ஏலாது. படத்தில் இருந்த ஜக்கெற்றுக்குக் கொலர் இல்லை, கழுத்து வட்டம், இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும், முன்பக்கமும் கைநுனியும் பொக்கற் வாயும் துணியிலிருந்தே நூல் உருவின குஞ்சம், நாலு பெரிய சிப்பிப் பொத்தான். எலெனி என் முகத்தைப் பார்த்து, உன்னால் முடியுமா என்று கேட்டாள். நான் என் சீவியத்தில் ஒரு ஜக்கெற்றும் தைத்ததில்லை. ஓம் என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். சேலைச் சட்டை தைத்த கைக்கு உடம்பு தெரியும், பிள்ளை. கால் அங்குலம் பிழைத்தால் அக்குள் பிடிக்கும், முதுகு எழும்பும், ஊரிலே பொம்பிளைகள் அதற்கு ஏசின ஏச்செல்லாம் கேட்டு வளர்ந்த கை இது. முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒன்று வெட்டிக் கோத்து டொறத்திக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மனிசி நிமிர்ந்து நின்றபோது ஒன்றைக் கண்டேன், அதைப் பிறகு எழுதுகிறேன். புக்ளேயில் சோக்குக்கட்டியால் கீறின கோடு நிற்காது, அதனால் நூலால் அடையாளம் வைத்தேன். கத்தரிக்கோல் பட்ட இடம் எல்லாம் நூல் சிந்தும், ஒவ்வொரு துண்டையும் வெட்டின கையோடு ஓரம் கட்டினேன். பகலெல்லாம் கடையில் மெஷினில், பிறகு கைத்தையலுக்கு வீட்டுக்குக் கொண்டு வருவேன். உள்ளுக்குத் தேயிலைச் சாய நிறத்தில் சாட்டின் லைனிங், அது முழுக்கக் கையால் தைத்தது. எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பொத்தானையும் தைத்து அறைக் கதவில் கொளுவிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். படத்தில் இருந்ததை விட வடிவாக இருந்தது. நான் சும்மா சொல்லவில்லை.

இனித்தான் பிழை. நீ சிரிப்பாய். முழு உடுப்பு ஒன்று கையால் முடிந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்தானே. உன்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குக்கூட மடிப்புக்குள் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துவிட்டுத்தான் போடத் தந்தனான். நான் யோசிக்கவே இல்லை. குசினிக்குப் போனேன், மஞ்சளைத் தண்ணியில் குழைத்தேன், இடதுபக்க முன்மூலையில் துணி உள்ளே மடியும் இடத்தில் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தேன். போடுகிற மனிசி நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், அந்த ஐதான நூல் மஞ்சளைக் குடித்து வெளிப்பக்கத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. பால் நிறத் துணியில், முன்னுக்கு, ஐந்து சதக் குற்றிக் காசளவு மஞ்சள் வட்டம்.

ஓடிப்போய்ச் சவுக்காரம் போட்டேன். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாத தமிழ்ப் பொம்பிளை உண்டா சொல்லு, அன்றைக்கு நான் அப்படி ஒருத்தி. குங்குமம் போலச் சிவந்தது. அப்போது நான், "இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டேன். அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது. ஒன்பது மாதத்தில் நான் அப்பாவை அப்படிக் கூப்பிட்டது அது முதல் முறை. தேசிக்காய்ப் புளி விட்டுச் சிவப்பைத் திரும்ப மஞ்சளாக்கினேன், ஆனால் மஞ்சள் போகவில்லை. அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தபோது சித்தி சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. அக்கா, இனி நல்ல காரியங்களுக்குக் கை நீட்டாதேங்கோ, பார்க்கிற சனம் ஏதும் சொல்லும் என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க, அவள் சொன்னது சரியோ என்று நானும் நினைத்தேன். உனக்குப் பொய் எழுத மாட்டேன், பழைய சூட்கேசை இறக்கித் தூசும் தட்டினேன்.

மஞ்சளை எடுக்க ஒன்றுதான் இருக்கிறது, வெயில். இந்த நாட்டிலே வெயில் வடக்குப் பக்கத்தால்தான் வரும், என்னுடைய பல்கணி தெற்குப் பார்த்தது, சித்திரையோடு போன வெயில் புரட்டாதியில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலமை வெளித்தது. எதிர்வீட்டில் பக்ருன்னிசா இருக்கிறாள், கல்முனைப் பிள்ளை, உன் வயதுதான், அவளுடைய ஜன்னல் வடக்குப் பக்கம். துவாய்க்குள் ஜக்கெற்றைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். இரஞ்சிதம் அக்கா, கருவாடு காயப்போட வந்திருக்கீங்களா என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்க, எங்கட ஊட்டு வெயிலுக்கு வாடகை இல்ல என்று கதிரையை ஜன்னலடிக்கு இழுத்து வைத்தாள். மூன்று மணித்தியாலம் வெயில் தந்தது, பிறகு மூடிவிட்டது. மஞ்சள் பாதி போய் அழுக்குப் போல நின்றது. பக்ருன்னிசா, பேசாம குடுங்க அக்கா, அந்த மனிசி அடிமூலையப் பார்க்கவா போகுது என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் யாரோ அந்த ஜக்கெற்றைப் புகழுகிற நேரமெல்லாம் என் கண் அந்த மூலைக்குத்தான் போகும். அப்படி ஒரு வெற்றி எனக்கு எதற்கு.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எலெனிக்கு முன்னால் ஜக்கெற்றை விரித்து, மூலையை நானே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். கத்தரிக்கோலை மேசையில் அடித்துக் கிரேக்கத்தில் எவ்வளவோ சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. பிறகு இங்கிலீசில், என்னுடைய ஜக்கெற்றுக்கு மேலே கறி தின்றாயா என்று கேட்டாள். அது எனக்குச் சுட்டது. சாப்பிடவில்லை, எங்கள் ஆட்கள் புது உடுப்புக்கு மஞ்சள் வைப்பார்கள், போடுகிறவளுக்கு நல்லது வர வேண்டும் என்று வைப்பார்கள், நான் அதற்குத்தான் வைத்தேன், பிழைத்துவிட்டது, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இவ்வளவும் சொன்னேன். அவள் கதிரையில் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். தன்னுடைய தாய் கண்ணூறு படாமலிருக்கப் புதுச் சட்டைக்கு உள்ளே நீல மணி ஒன்று குத்திவிட்டு மூன்று தரம் துப்புவாளாம். அடுத்த முறை நீயும் துப்பு, அது காய்ந்துவிடும் என்றாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

டொறத்தி வியாழக்கிழமைதான் வருவாள், மூன்று நாள் வெயில் கிடைத்தால் போய்விடும் என்றேன். எங்கள் கடையின் தெருப்பக்கக் கண்ணாடி வடக்குப் பார்த்தது. எலெனி பொம்மைக்கு ஜக்கெற்றைப் போட்டுக் கண்ணாடிக்குள் ஏற்றினாள். இடதுமூலையில் வெயில் விழ வேண்டும் என்பதால் பொம்மையை நேரே வைக்க முடியவில்லை, இடுப்பைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டுத் திரும்பினவள் போல நின்றது. வெயில் நகர நகர நான் மணிக்கு ஒருக்கால் போய்க் கொஞ்சம் திருப்பிவிடுவேன். கடைக் கண்ணாடிக்குள் வெறும் நூல்கட்டைகளைப் பார்த்துப் பழகின சனத்துக்கு இது புதினம். முதல் நாள் மத்தியானம் பக்கத்துக் கந்தோரில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் கோர்ட்டுப் பக்கமிருந்து சாப்பாட்டு நேரத்தில் வருகிறவர்களில் ஒருத்தி உள்ளே வந்து, இதை வாங்கலாமா என்று கேட்டாள். விற்கிறதில்லை, அளவெடுத்துத் தைப்பது என்றாள் எலெனி. யார் தைத்தது என்று அவள் கேட்டாள். நான் மூலையில் ஒரு காற்சட்டைக்கு அடி மடித்துக்கொண்டு இருந்தேன். எலெனி கையிலிருந்த அளவு நாடாவை என் பக்கம் நீட்டி, "இவள். என்னுடைய தையல்காரி" என்றாள்.

பாமா, அந்தப் பெண் என்னிடம் வந்து கையை நீட்டினாள். மடியில் கிடந்த காற்சட்டை நழுவி விழுந்தது, நான் எடுக்கவில்லை. புதன்கிழமை கடை பூட்டுவதற்குள் ஆறு பேர் அளவு தந்துவிட்டார்கள், ஒருத்திக்குச் சாம்பல் நிறம், ஒருத்திக்கு மரூன், ஒரு குண்டு மனிசிக்கு இதே பால் நிறம்தான் வேண்டுமாம். மஞ்சளைக் கேட்கிறாயா? அதே புதன் மத்தியானம் எலெனி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாள், பிறகு நான் தேடினேன். எந்த மூலை என்றே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வியாழன் டொறத்தி வந்தாள். போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். ஒரு கையைத் தூக்கினாள், இறக்கினாள், மற்றக் கையைத் தூக்கினாள். பிறகு எலெனியிடம், என்னுடைய இரண்டு தோளும் இன்றைக்கு ஒரே உயரத்தில் இருக்கிறதே என்றாள். முன்னுக்கு எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான். முப்பது வருஷம் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அந்த மனிசிக்கு வலது தோள் ஒரு விரலளவு இறங்கிவிட்டது. அதை அவளுக்குச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை, அந்தப் பக்கத்துக்கு மட்டும் உள்ளுக்கு இரண்டு மடிப்புப் பஞ்சு கூட வைத்தேன். உனக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டாள். பார்த்தேன் என்றேன், வேறு என்ன சொல்வது. மஞ்சள் கதையையும் சொல்ல வாயெடுத்தேன், எலெனி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஆனால் நான் சொன்னேன். டொறத்தி ஒருதரமும் திருப்பிப் பார்க்கவில்லை, எந்த மூலை என்றும் கேட்கவில்லை. எனக்காக ஒருத்தரும் அப்படிச் செய்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அதைக் கழற்றாமலே, அதே உடுப்போடு ரெயினேறிப் போனாள்.

நேற்றுச் சித்தப்பாவுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். எலெனி இத்தாலிக்காரனுடைய மேசையை எனக்குத் தந்துவிட்டாள், நான் வரவில்லை என்றேன். "அண்ணி, அறைக்குப் பெயின்றும் அடிச்சாச்சே" என்றார் பாவம். பிள்ளைகள் அதில் இருந்து படிக்கட்டும் என்றேன். சித்தியைக் கூப்பிடச் சொல்லி அவளுக்கும் நேரே சொன்னேன். என்ரை கையாலைதான் அந்தப் புது உடுப்புக்கு மஞ்சள் வைச்சனான், அது நல்லாத்தான் முடிஞ்சது என்றேன். பிறகு, அக்கா, மெல்பேண் குளிர் சிட்னி மாதிரி இல்லை, எனக்கும் ஒன்று தைப்பியளோ என்று கேட்டு, கேட்ட கையோடு அளவும் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். அப்பாவின் முதல் வருஷ ஆட்டைத் திவசம் இந்த வீட்டில்தான் நடக்கும், எல்லோரும் இங்கே வர வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். உனக்கும் லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்.

வெள்ளிக்கிழமை வேலையால் வரும் வழியில் வீட்டு ஏஜென்றின் கந்தோருக்குப் போய் இந்த வீட்டு வாடகைக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்தக் கடதாசியிலும் முதல் கோட்டில் அப்பா வைப்பார், இரண்டாவது கோட்டில் நான் வைப்பேன். அன்றைக்கும் என் கை இரண்டாவது கோட்டுக்குத்தான் போனது. மேசைக்கு அங்கால் இருந்த பெண் விரலை வைத்து, இல்லை, முதல் கோட்டில் என்று காட்டினாள். ஒரு நிமிஷம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு முதல் கோட்டில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக எழுதினேன்.

விடியப்புறத்தில் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு ஓடாதே, ஒரு பாண் துண்டாவது கடித்துக்கொண்டு போ. மருமகனோடு சண்டை பிடித்தால் அன்றன்றைக்கே முடித்துவிடு. இரண்டு பேரும் நீடூழி வாழ்ந்து, நினைத்தது எல்லாம் கைகூட அப்பாவும் மேலேயிருந்து பார்த்துக்கொள்வார், நானும் கும்பிடுகிறேன். மறக்காமல் உன் அளவை எழுதி அனுப்பு. கழுத்தெலும்பிலிருந்து தோள், தோளிலிருந்து மணிக்கட்டு, நெஞ்சு, இடுப்பு. மருமகனைக் கொண்டு அளப்பி. அளக்கிற நேரம் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதே, ரொறன்ரோக் குளிருக்கு உள்ளே ஒரு சுவெற்றரும் போக வேண்டும்.

இப்படிக்கு,
பரமட்டாவில் தையல்காரியாக இருக்கும்
உன் அம்மா
வ. இரஞ்சிதம்